கல்யாணத்துக்கு வெளியில உறவு வச்சுக்கிட்டா ஜெயில்ல போடணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்ல என்னைப் பத்தி ரெண்டு வரி. நான் வக்கீல் இல்ல. 2016ல என் வீட்டுக்காரருக்கு வேற ஒரு தொடர்பு இருக்குன்னு எனக்குத் தெரிய வந்துச்சு, அதுக்கப்புறம் மூணு வருஷம் குடும்ப நல கோர்ட் வராண்டாவுல உக்காந்திருந்தவ நான், உக்காந்த நேரத்துல சட்டத்தையும் தீர்ப்பையும் தேடித்தேடிப் படிச்சேன். அங்க பக்கத்துல உக்காந்திருந்தவங்க, சொந்தக்காரங்க, ஃப்ரெண்டோட ஃப்ரெண்டுன்னு இன்னைக்கு வரைக்கும் ஃபோன் பண்ணி கேக்கறாங்க, சுத்திச்சுத்தி ஒரே கேள்விங்கதான் வருது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். என் முடிவையும் மறைக்காம சொல்லிடறேன். இந்த துரோகம் ஒரு ஆளை உள்ளுக்குள்ள நொறுக்கிப் போடற பெரிய தப்பு, அனுபவிச்சவ சொல்றேன். ஆனா அதை போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஜெயிலுக்கும் கொண்டு போறதுல எனக்கு உடன்பாடு கிடையாது.

இப்போ இந்தியாவுல இது குற்றமா இல்லையா?

குற்றம் கிடையாது. 2018 செப்டம்பர் 27ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதி பெஞ்ச், இதைக் குற்றம்னு வச்சிருந்த ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 497ஆவது பிரிவை ரத்து பண்ணிடுச்சு, ஐபிசிக்குப் பதிலா 2024 ஜூலை 1லேர்ந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுலயும் அதைத் திரும்ப சேர்க்கல. விவாகரத்து கேக்கறதுக்கு மட்டும் அது இன்னமும் ஒரு காரணமா இருக்கு. குற்றம் இல்லன்னு சொன்ன உடனே "அப்போ சட்டமே பச்சைக்கொடி காட்டிடுச்சு"ன்னு நினைச்சுக்கறாங்க, அது தப்பு. வாங்குன கடனைத் திருப்பிக் கட்டலன்னாகூட அது சிவில் விவகாரம்தான், அதுக்காக கடனைக் கட்டவே வேணாம்னு அர்த்தமா?

அந்தப் பழைய 497 உண்மையில என்ன சொல்லிச்சு?

நிறைய பேருக்கு இது தெரியாது, நானும் தெரியாமதான் வக்கீல் முன்னாடி போய் உக்காந்தேன். அவங்க ரெண்டு பேரும் பேசின மெசேஜ் எல்லாத்தையும் பிரிண்ட் போட்டு, தேதி வாரியா அடுக்கி, முக்கியமான வரிக்குக் கீழ சிவப்புப் பேனாவால கோடு போட்டு ஒரு ஃபைல்ல எடுத்துட்டுப் போயிருந்தேன். அவர் நாலு பக்கம் புரட்டினார், கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வச்சார், "அந்தப் பொண்ணு கல்யாணம் ஆனவங்களாம்மா?"ன்னு கேட்டார். இல்ல சார்னேன். "அப்போ சட்டப்படி இதுல குற்றமே நடக்கலம்மா"ன்னு சொல்லி ஃபைலை மூடி என் பக்கம் நகர்த்தி வச்சார். ஒருவேளை கல்யாணம் ஆனவங்களா இருந்திருந்தா?ன்னு கேட்டேன். "அப்பவும் நீங்க கேஸ் போட முடியாது, அவங்களோட புருஷன்தான் போடணும்"னார். எனக்குக் காது அடைச்ச மாதிரி ஆயிடுச்சு. வீடு உடைஞ்சது என்னுது, அழுதது நான், ஆனா சட்டத்தோட கண்ணுல நான் பாதிக்கப்பட்டவளே இல்ல.

ஏன்னா 497ல குற்றம்னு எழுதியிருந்தது இதுதான்: இன்னொருத்தனோட மனைவின்னு தெரிஞ்சும், அந்தக் கணவனோட சம்மதமோ உடந்தையோ இல்லாம, ஒரு ஆம்பள அந்தப் பொண்ணோட உறவு வச்சுக்கிட்டா அவனுக்கு 5 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா அபராதம், இல்லன்னா ரெண்டும். அந்தப் பொண்ணுக்கு உடந்தைன்னுகூட தண்டனை கிடையாது. குற்ற வழக்குங்களை எப்படி நடத்தணும்னு சொல்ற சட்டமான சி.ஆர்.பி.சி 198(2)ன்படி கம்ப்ளைன்ட் குடுக்கற உரிமை அந்தப் பொண்ணோட கணவனுக்குத்தான், அவன் ஊர்ல இல்லன்னா அவன் சார்புல அவளைப் பாத்துக்கிட்டவங்க கோர்ட் அனுமதியோட குடுக்கலாம். கல்யாணம் ஆகாதவங்களோடயோ விதவையோடயோ ஒரு கணவன் தொடர்பு வச்சிருந்தா சட்டத்துக்கு அது ஒண்ணுமே இல்ல.

"கணவனோட சம்மதம் இல்லாம"ங்கற அந்த வார்த்தையை கொஞ்சம் நிறுத்திப் படிங்க. கணவன் சரின்னு சொல்லிட்டா குற்றம் இல்லயாம். அப்போ அங்க பாதுகாத்தது கல்யாணத்தையா? ஒருத்தன் நிலத்துல இன்னொருத்தன் கேக்காம கால் வச்சா என்ன கேஸ் வருமோ அதே மாதிரிதான் ஒரு பொண்டாட்டியையும் அந்த சட்டம் பாத்துச்சு. இத்தனைக்கும் அது போலீஸ் வாரண்ட் இல்லாம புடிக்கக்கூடிய குற்றமும் இல்ல, ஜாமீன்ல வரக்கூடியது, நேரா மாஜிஸ்திரேட் கிட்ட புகார் குடுக்கணும். ஸ்டேஷனுக்குப் போனா உடனே தூக்கி உள்ள வச்சிடுவாங்கன்னு மக்கள் நம்பினது சட்டத்துல எங்கயுமே இல்லாத ஒண்ணு.

நம்ம பண்பாட்டைக் காப்பாத்தின சட்டம் அது, அதைப் போய் எடுத்துட்டாங்களேன்னு எங்க பெரியப்பா சொல்றாரு?

பெரியப்பாகிட்ட ஒரு விஷயம் சொல்லுங்க, அந்த சட்டத்தை எழுதினது வெள்ளைக்காரங்க, 1860ல. அதுலயும் முதல் வரைவு போட்ட மெக்காலே 1837ல இதை குற்றப் பட்டியல்லயே சேர்க்கல. உண்மையிலயே மனசு உடைஞ்சவங்க இதுக்காக கோர்ட்டுக்கு வர்றதில்ல, வர்றவங்க பெரும்பாலும் பணத்தைத்தான் எதிர்பாக்கறாங்கங்கறது அவங்க குறிப்புல இருந்த வாதம். பின்னாடி வந்த ரெண்டாவது சட்டக் கமிஷன்தான் இதை உள்ள கொண்டு வந்துச்சு. புருஷன் எத்தனை கல்யாணம் வேணும்னாலும் பண்ணிக்கலாம்ங்கற அந்தக் காலத்துல பொண்டாட்டியை மட்டும் தண்டிக்கறது நியாயம் இல்லன்னு சொல்லி பொண்ணை தண்டனையிலேர்ந்து விட்டாங்க. அவங்க சொந்த ஊரான இங்கிலாந்துல அப்போ இது கிரிமினல் குற்றமே கிடையாது, அதுக்கு முன்னாடி அங்க தனியா ஒரு நஷ்டஈடு கேஸ்தான் போட்டுக்கிட்டு இருந்தாங்க, அந்தத் தனி கேஸையும் 1857ல எடுத்துட்டாங்க.

நம்ம பண்பாடுன்னு பேசணும்னா திருக்குறளுக்கு வாங்க. பிறனில் விழையாமைன்னு பதினஞ்சாவது அதிகாரம் முழுக்க வள்ளுவர் இதைத்தான் பேசறார், ரொம்பக் கடுமையாவே பேசறார். ஆனா அதை வச்சிருக்கறது அறத்துப்பால்ல, இல்லறவியல்ல. அரசன் யாரை எப்படி தண்டிக்கணும்ங்கறதெல்லாம் பொருட்பால்ல செங்கோன்மையில வருது, அங்க கொலைகாரனை ஒறுக்கறதைப் பத்தி சொல்றார், இதை அங்க கொண்டு போகல. எனக்கு அந்த இடம் பிரிச்ச விதம் ரொம்ப முக்கியமாப் படுது. மனுஷன் தனக்குத்தானே காவல் இருக்க வேண்டிய விஷயம் இது.

ஓட்டை இருந்தா அடைச்சிருக்கலாமே? ஆம்பள பொம்பள ரெண்டு பேருக்கும் பொதுவா மாத்தாம ஏன் மொத்தமா தூக்கினாங்க?

இதுதான் எங்கிட்ட அதிகமா வர்ற கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. 2018க்கு முன்னாடி நானே அப்படித்தான் நினைச்சேன், எனக்கும் கேஸ் போடற உரிமை குடுங்கன்னுதான் மனசு துடிச்சுது.

இப்படி மாத்தச் சொல்லி அதிகாரப்பூர்வமாவே பலமுறை சொல்லியிருக்காங்க. 1971ல சட்டக் கமிஷன் தன்னோட 42ஆவது அறிக்கையில மனைவியையும் தண்டிக்கலாம், 5 வருஷத்தை 2 ஆக்கலாம்னு சொல்லுச்சு. 2003ல, குற்றவியல் நீதி முறையை சீர்திருத்த போட்ட மளிமத் கமிட்டியும் ரெண்டு பேருக்கும் பொதுவாக்கச் சொல்லுச்சு. 2023 நவம்பர்ல புது சட்டம் வர்றப்போ நாடாளுமன்ற நிலைக்குழு திரும்பவும் அதையே சொல்லுச்சு, அரசாங்கம் ஏத்துக்கல. இதுல 1971 கமிஷன்ல இருந்த அன்னா சாண்டி, இந்தியாவுல ஹைகோர்ட் நீதிபதியான முதல் பெண்மணி, அவங்க மட்டும் தனியா மாத்துக் கருத்து எழுதி வச்சாங்க, இந்தப் பிரிவு இன்னைக்குக் கல்யாணத்துல பொண்ணுக்கு இருக்கற இடத்தோட பொருந்துதான்னு யோசிக்க வேண்டிய நேரம் இதுன்னு. சுத்தி இருந்தவங்க தண்டனையைப் பொண்ணுக்கும் நீட்டலாம்னு சொன்னப்போ அவங்க மட்டும் இது வேணவே வேணாம்னு நின்னாங்க, 47 வருஷம் கழிச்சு சுப்ரீம் கோர்ட் அவங்க பக்கம் வந்து சேர்ந்துச்சு.

சரி, பொதுவா ஆக்கினா என்ன ஆகும்? எங்க வீட்டையே எடுத்துக்கோங்க. என் வீட்டுக்காரர் மேல நான் கேஸ் போட்டு அவர் உள்ள போயிருந்தா முதல்ல போறது அவர் வேலை. வேலை போனா மாசாமாசம் பிள்ளைக்கு வர்ற பணம் நிக்கும். என் பொண்ணுக்கு அப்போ ஒன்பது வயசு, ஞாயித்துக்கிழமை காலையில அப்பா வர்ற நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னாடியே ஷூ போட்டுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருப்பா, கணக்கு நோட்டை மடியில வச்சுக்கிட்டு. எனக்கு அவர் புருஷனா இல்லாமப் போனார், அவளுக்கு அப்பாவா இருந்தார். அவளைக் கூட்டிக்கிட்டு ஜெயில் வாசல்ல மனு எழுதிக் குடுத்துட்டு நிக்கற நிலைமை வந்திருந்தா அந்த தண்டனை யாருக்கு?

இன்னொண்ணு. பொதுவான சட்டம்னு காகிதத்துல இருந்தாலும் கையில பணமும் ஆள்பலமும் இருக்கறவங்கதான் அதை எடுத்து வீசுவாங்க. பிரிஞ்சு வாழற மனைவி ஜீவனாம்சம் கேட்டா, அடி தாங்காம வீட்டை விட்டு வெளிய வந்தா, உடனே "அவளுக்கு வேற ஆள் இருக்கு"ன்னு சொல்றது நம்மகிட்ட இல்லாத பழக்கமா? கோர்ட் வராண்டாவுல நான் அந்த வார்த்தையைக் கேக்காத வாரமே கிடையாது. இப்போ அது வெறும் பழி, கிரிமினல் சட்டம் இருந்தா அது ஒரு கேஸ் நம்பர் ஆயிடும்.

2018 தீர்ப்புல அப்படி என்ன புதுசா சொல்லிட்டாங்க?

முன்னாடி மூணு தடவை இதே சுப்ரீம் கோர்ட் 497 செல்லும்னு சொல்லியிருக்கு. 1954 யூசுஃப் அப்துல் அஜீஸ் வழக்குல, பெண்களுக்காக சிறப்பு சட்டம் போடலாம்ங்கற அரசியல் சட்டத்தோட 15(3)ஐக் காட்டி செல்லும்னாங்க. 1985 சௌமித்ரி விஷ்ணு வழக்குல, மயக்கறவன் ஆம்பளதான், பொண்ணு இல்லன்னு பொதுவா ஒத்துக்கப்பட்ட விஷயம்னு சொல்லி செல்லும்னாங்க. 1988 ரேவதி வழக்குல, கணவனும் மனைவி மேல கேஸ் போட முடியாது, மனைவியும் கணவன் மேல போட முடியாது, அதனால சமமாத்தான் இருக்குன்னாங்க. 1985ல தீர்ப்பு எழுதினவர் ஒய்.வி. சந்திரசூட், 2018ல அதைத் தப்புன்னு எழுதின அஞ்சு பேர்ல ஒருத்தர் அவரோட மகன் டி.ஒய். சந்திரசூட்.

2018 வழக்கைப் போட்டவர் ஜோசப் ஷைன், இத்தாலியில இருந்த கேரளாக்காரர். தீபக் மிஸ்ரா, கான்வில்கர், நாரிமன், சந்திரசூட், இந்து மல்ஹோத்ரா அஞ்சு பேரும் ஒருமனதா சொன்னாங்க. கணவன் மனைவிக்கு எஜமானன் கிடையாது, இந்தப் பிரிவு சமத்துவத்தையும் பொண்ணோட மானத்தையும் அவளோட அந்தரங்கத்தையும் மிதிக்குதுன்னு சொல்லி, அரசியல் சட்டத்தோட 14, 15, 21க்கு எதிரானதுன்னாங்க. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி 2017 ஆகஸ்ட்ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒன்பது நீதிபதிங்க சொன்ன தீர்ப்பு இதுக்கு அஸ்திவாரம். மத்திய அரசு இந்தப் பிரிவை எடுத்தா கல்யாணம்ங்கற அமைப்பே பாதிக்கும்னு வாதாடிச்சு. கோர்ட் என்ன கேட்டுச்சுன்னா, ஏற்கனவே உடைஞ்சு போன கல்யாணத்துலதான் பெரும்பாலும் இது நடக்குது, அப்போ ஜெயில் எதைக் காப்பாத்தப் போகுதுன்னு. இதை நான் ஒத்துக்கறேன், முழுசா இல்ல. என் கல்யாணம் உடைஞ்சதால அவர் போகல, அவர் போனதாலதான் உடைஞ்சுது. நீதிபதிங்க எழுதினதுல எனக்கு உறுத்தற ஒரே இடம் இதுதான்.

தற்கொலை விஷயத்துல ஒரு கதவை அவங்க மூடல. துணையோட துரோகத்தால ஒருத்தர் உயிரை விட்டு, தூண்டினதுக்கு ஆதாரமும் இருந்தா, தற்கொலைக்குத் தூண்டினதா கேஸ் வரலாம்னு தீர்ப்புலயே இருக்கு.

சட்ட பயம் இல்லன்னா ஆத்திரத்துல வெட்டிக் கொலை பண்றது அதிகமாகாதா?

செய்தியில தினமும் "கள்ளக்காதல் கொலை"ன்னு தலைப்பு பாக்கறோம், பயம் புரியுது. ஆனா 497 இருந்த காலத்துல இதெல்லாம் நடக்கலயா என்ன. 1959ல கடற்படை கமாண்டர் நானாவதி தன் மனைவியோட தொடர்பு வச்சிருந்த பிரேம் அஹுஜாவை சுட்டுக் கொன்னார், நாடே அந்த வழக்கைப் பாத்துச்சு. 497 அப்போ முழு பலத்தோட இருந்துச்சு, அவர் கமிஷனர் ஆபீஸுக்குப் போனது சுட்டதுக்கு அப்புறம்தான். கொலை பண்ற ஆத்திரம் சட்டப் புத்தகத்தைத் திறந்து எந்தப் பிரிவு இருக்குன்னு பாத்துட்டு வர்றதில்ல. கொலைங்க குறையணும்னா பிரிஞ்சு போறதுக்கு சுலபமான வழி வேணும், நாலு வருஷம் அஞ்சு வருஷம்னு விவாகரத்து இழுக்காம இருக்கணும், பிரிஞ்சவங்களைப் பத்தி ஊர் பேசற பேச்சு நிக்கணும். நான் இதுல ரொம்ப உறுதியா இருக்கேன்.

மத்த நாட்டுல என்ன நிலைமை?

பெரும்பாலான இடத்துல இந்தச் சட்டத்தை நீக்கிக்கிட்டு வர்றாங்க. ஜப்பான்ல 1947லயே போச்சு, பிரான்ஸ்ல 1975ல. தென்கொரியாவுல 1953லேர்ந்து 2 வருஷம் வரை ஜெயில்னு சட்டம் இருந்துச்சு, அது ஆம்பள பொம்பள ரெண்டு பேருக்கும் பொதுவான சட்டம், 2015 பிப்ரவரி 26ல அங்க அரசியல் சட்ட கோர்ட் ஏழுக்கு ரெண்டுன்னு ரத்து பண்ணிச்சு. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலம் 1907லேர்ந்து இருந்த சட்டத்தை 2024 நவம்பர்லதான் எடுத்துச்சு. இலங்கையில இது குற்றம் கிடையாது, விவாகரத்துக்குக் காரணம் மட்டும்தான். எதிர்ப்பக்கம் போனது இந்தோனேசியா, 2022 டிசம்பர்ல புது சட்டம் போட்டாங்க, துணையோ பெத்தவங்களோ பிள்ளைங்களோ புகார் குடுத்தா ஒரு வருஷம் வரை ஜெயில்.

பொதுவா ஆக்கலாம்னு சொல்றவங்க தைவானை ஒருதடவை பாக்கணும். அங்க சட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆனா புகார் குடுத்தவங்க தன் துணை மேல மட்டும் புகாரை வாபஸ் வாங்கிட்டு, அந்த மூணாவது ஆள் மேல கேஸை நடத்தலாம்னு விதி. பொண்டாட்டிங்க புருஷனை மன்னிச்சு விட்டுட்டு அந்தப் பொண்ணு மேல மட்டும் கேஸை நடத்தினாங்க, கடைசில தண்டனை வாங்கினவங்கள்ல பொண்ணுங்கதான் அதிகம். 2020 மே மாசம் அதை அங்க ரத்து பண்ணப்போ இதையும் கணக்குல எடுத்துக்கிட்டாங்க.

பாகிஸ்தான்ல நடந்தது இதைவிட மோசம். 1979ல வந்த ஹுதூத்ங்கற இஸ்லாமிய தண்டனைச் சட்டத்துக்குக் கீழ, பலாத்காரம் நடந்துச்சுன்னு புகார் குடுத்த பொண்ணுங்க அதை நிரூபிக்க முடியலன்னா, அப்போ உறவு நடந்ததை நீயே ஒத்துக்கிட்டன்னு சொல்லி அவங்க மேலயே கேஸ் திரும்பிச்சு. 2006ல சட்டத்தை மாத்தற வரைக்கும் பொண்ணுங்க அதுக்காக ஜெயில்ல கிடந்தாங்க. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.

குற்றம் இல்லன்னா ஏமாந்தவங்களுக்கு சட்டத்துல என்னதான் இருக்கு?

இருக்கு, ஆனா மெதுவா நகருது. இந்து திருமணச் சட்டம் 13(1)(i)ன்படி கணவன் மனைவி யாரா இருந்தாலும் இதைக் காரணமாக் காட்டி விவாகரத்து கேக்கலாம். முன்னாடி "தொடர்ந்து அப்படி வாழ்ந்துக்கிட்டு இருக்கணும்"னு இருந்துச்சு, 1976 திருத்தத்துக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை நடந்திருந்தாலும் போதும். ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்லயும் இருக்கு. கிறிஸ்தவ பெண்களுக்கு 2001 வரைக்கும் பெரிய அநியாயம் நடந்துச்சு, கணவனுக்கு மனைவியோட தொடர்பு ஒண்ணே போதும், மனைவிக்கு மட்டும் அதோட கொடுமையோ கைவிட்டுட்டுப் போனதோ சேர்த்துக் காட்டணும், இப்போ அது இல்ல.

ஜீவனாம்சம் கேக்கற மனைவிங்க தெரிஞ்சுக்க வேண்டிய ஒண்ணு: கணவன் வேற கல்யாணம் பண்ணியிருந்தாலோ வேற ஒரு பொண்ணை வச்சிருந்தாலோ, "அவ எங்கூட வந்து வாழ மாட்டேங்கறா"ன்னு சொல்லி அவர் தப்பிக்க முடியாது, வர மறுக்கறதுக்கு அதுவே நியாயமான காரணம்னு சட்டத்துலயே எழுதியிருக்கு, இப்போ சி.ஆர்.பி.சிக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ் சட்டத்தோட 144ல. ஒரே கல்யாணம்தான்னு சொல்ற சட்டத்துக்குக் கீழ வர்றவரா இருந்து, அவர் இன்னொரு கல்யாணமே பண்ணிக்கிட்டா அது குற்றம், 7 வருஷம் வரை ஜெயில். அடி உதை, சித்திரவதை, வீட்டை விட்டுத் துரத்தறதுன்னு இருந்தா 2005 குடும்ப வன்முறை சட்டம் இருக்கு, அந்த வீட்டுல தங்கற உரிமையைக் கேக்கலாம். தொடர்பு இருக்குங்கற ஒண்ணை மட்டும் வச்சு, மனைவியைக் கொடுமைப்படுத்தறதுக்கான 498ஏ பிரிவுல கேஸ் போட முடியாது, 2013லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

அந்த மூணாவது ஆளை ஒண்ணுமே பண்ண முடியாதா?

கிரிமினல்ல ஒரு துண்டு மிச்சம் இருக்கு, நிறைய பேர் கவனிக்கல. இன்னொருத்தன் மனைவியைத் தப்பான நோக்கத்தோட ஆசைகாட்டிக் கூட்டிட்டுப் போனா 2 வருஷம் வரைன்னு பழைய 498, இப்போ பாரதிய நியாய சன்ஹிதா 84ஆ அப்படியே இருக்கு. பொண்டாட்டி புருஷனோட பொருள்ங்கற அதே பழைய எண்ணம்தான், 497ஐ எடுத்த காரணம் எல்லாம் இதுக்கும் பொருந்தும். மலேசியாவுல இதே மாதிரி இருந்த பிரிவை 2023 டிசம்பர்ல அவங்க ஃபெடரல் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. நம்மகிட்டயும் போகணும்.

சிவில் பக்கம், 2025 செப்டம்பர்ல டில்லி ஹைகோர்ட் ஒரு மனைவி, கணவனோட காதலி மேல போட்ட நஷ்டஈடு வழக்கை எடுத்துக்கிட்டு நோட்டீஸ் அனுப்பிச்சு. என் அனுபவம் கேட்டா, அந்தப் பொண்ணு மேல எனக்கிருந்த கோபம்தான் என்னோட ரெண்டு வருஷத்தைத் தின்னுச்சு. எனக்கு வாக்கு குடுத்தது அவ இல்ல.

மனைவி தப்பு பண்ணினா ஜீவனாம்சம் கிடையாதுதானே?

வேற ஒருத்தரோட தொடர்ந்து "அப்படி வாழ்ந்துக்கிட்டு இருந்தா" கிடையாது. எப்பவோ ஒரு தடவை நடந்ததுங்கறது அந்த வார்த்தைக்குள்ள வராதுன்னு கோர்ட்டுங்க பலமுறை சொல்லியிருக்கு. பிள்ளைங்களுக்கு வர வேண்டிய பணம் இதுல மாட்டாது, அம்மா என்ன பண்ணியிருந்தாலும் சரி.

ஃபோன் ரெகார்டிங், டிஎன்ஏ டெஸ்ட் எல்லாம் செல்லுமா?

கணவன் மனைவி பேசினதை ஒருத்தர் ரகசியமா ரெகார்ட் பண்ணியிருந்தாலும் விவாகரத்து வழக்குல ஆதாரமா எடுத்துக்கலாம்னு 2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. டிஎன்ஏ வேற. கல்யாணத்துல இருக்கறப்போ பிறந்த குழந்தை அந்தக் கணவனோடதுன்னுதான் சட்டம் எடுத்துக்கும், அம்மா மேல சந்தேகம்ங்கறதுக்காக குழந்தை ரத்தத்தை சும்மா எடுக்க விட மாட்டோம்னு 2023ல தீர்ப்பு வந்துச்சு. அந்தத் தீர்ப்பு ரொம்ப நல்ல தீர்ப்பு. பெரியவங்க சண்டையில, நீ யாருன்னு ஒரு குழந்தைகிட்ட கோர்ட் கேக்கக் கூடாது.

ராணுவத்துல மட்டும் இன்னும் நடவடிக்கை எடுக்கறாங்களாமே?

ஆமா. 2018 தீர்ப்பு ராணுவ சட்டங்களைத் தொடாதுன்னு 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்திச்சு. கணவன் எல்லையில நிக்கறப்போ வீட்டைப் பத்தின பயம் இருக்கக் கூடாதுங்கறது அவங்க வாதம். அது ஒழுங்கு நடவடிக்கை, சீருடை போட்டவங்களுக்கு மட்டும்.

நீங்க அவரை மன்னிச்சிட்டீங்க போல, அதான் இப்படிப் பேசறீங்க?

மன்னிக்கல. 2019ல விவாகரத்து ஆச்சு. கடைசி வாய்தாவுக்கு முன்னாடி குறுக்கு விசாரணையில எதிர்த்தரப்பு வக்கீல் எங்கிட்ட, நீங்க அவரை சரியா கவனிச்சுக்கிட்டீங்களா, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவீங்கன்னு கேட்டார், பின்னாடி பெஞ்ச் முழுக்க ஆளுங்க உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாங்க. இது வெறும் விவாகரத்து வழக்கு. இதுவே கிரிமினல் கேஸா இருந்தா எந்த ரூம், எந்தத் தேதி, எப்படித் தெரியும்னு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், போலீஸ்ல ஒரு தடவை, கோர்ட்ல ஒரு தடவை, அப்பீல்ல ஒரு தடவைன்னு அதையே சொல்லணும். அவருக்கு தண்டனை வாங்கித் தர்றதுக்கு நான் அவ்ளோ கொடுக்க வேண்டியிருந்திருக்கும். எனக்கு வேண்டியிருந்தது வேற. சீக்கிரம் விடுதலை, வீட்டுல என் பங்கு, பொண்ணோட படிப்புக்குப் பணம், அவர் பண்ணினது தப்புன்னு ஒரு காகிதத்துல எழுத்து. நாலுல மூணு கிடைச்சுது, சீக்கிரம்ங்கறது மட்டும் கிடைக்கல. சட்டத்தை மாத்தணும்னு கேக்கறவங்க கிடைக்காமப் போன அந்த 'சீக்கிரத்துக்காக' சத்தம் போடுங்க, நானும் கூட வர்றேன்.

எனக்கு இப்போதான் தெரிஞ்சுது. முதல்ல என்ன பண்ணணும்?

இன்னைக்கு ராத்திரி எந்த முடிவும் எடுக்காதீங்க. யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்காதீங்க, எதையும் ஃபேஸ்புக்ல போடாதீங்க, அது பின்னாடி உங்களுக்கு எதிராத்தான் திரும்பும். கையில இருக்கற மெசேஜ், போட்டோ எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து நீங்க நம்பற ஒருத்தர்கிட்ட வைங்க. கல்யாண சர்டிபிகேட், பிள்ளைங்களோட பிறப்பு சான்றிதழ், பேங்க் பாஸ்புக், சொத்துப் பத்திரம், அவரோட சம்பள சீட்டு கிடைச்சா அது, எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்து வைங்க. உயிரை விடணும்னு நினைப்பு வந்தா அதை தனியா சுமக்காதீங்க, யாரையாவது எழுப்புங்க, நடுராத்திரியா இருந்தாலும் சரி. அடி, மிரட்டல்னு இருந்தா பெண்கள் உதவி எண் 181க்கு ஃபோன் பண்ணுங்க. வக்கீலுக்குப் பணம் இல்லன்னு பயப்பட வேணாம், 1987 சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, ஆம்பளைங்களுக்கு வருமான வரம்பு பாத்துக் குடுப்பாங்க. மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், நேர்ல போக முடியலன்னா 15100ல கேளுங்க.